உப்பிட்டவர் யார்?

சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, பூவிருந்தவல்லியைக் கடந்து, செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிச் சிறிது தொலைவு சென்றால் இருங்காட்டுக்கோட்டை வருகிறது. இரும் காடு என்றால் பெருங்காடு. பெயரிலே காடும் இருக்கிறது, கோட்டையும் இருக்கிறது. காட்டை இன்று தேடினாலும் காண்பதற்கில்லை. கோட்டைகள் உண்டு. மன்னர்கள் கட்டியவையல்ல, அரசின் சிப்காட் நிறுவனம் நிலம் வகுத்துக் கொடுக்க, கடல் கடந்து வந்த நிறுவனங்கள் எழுப்பியவை. 1996-இல் ஹூண்டாய் இங்கே கால் ஊன்றிற்று. 1998-இல் முதல் கார் வெளிவந்தது. பிறகு திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் என ஆலைகள் அணிவகுத்தன. ஏர் பூட்டிய கைகளின் பிள்ளைகள் எந்திரம் பூட்டும் கைகளாயினர்.

பொழுது புலருமுன்னே அந்தச் சாலையிலே பேருந்துகள் வரிசை வரிசையாக வருகின்றன. உள்ளே சீருடை அணிந்த இளைஞர்கள், கழுத்திலே அடையாள அட்டை தொங்க, தலை சன்னல் கம்பியிலே சாய்ந்திருக்க, அரைத் தூக்கத்திலே செல்கின்றனர். எதிர்ப்புறத்திலே, இரவு முறை முடித்தவர்கள் முழுத் தூக்கத்திலே திரும்புகின்றனர்.

இவர்களிடம் அவ்வப்போது ஒரு தாள் நீட்டப்படுகிறது. மேலாண்மைப் பட்டம் பயிலும் மாணவர் ஆராய்ச்சிக்காக நீட்டுவதுண்டு; நிறுவனத்தாரே நீட்டுவதும் உண்டு. அதிலே இரு கேள்விகள் தவறாமல் இருக்கும். உமது வேலையிலே உமக்கு மனநிறைவு உண்டா? உமது நிறுவனத்தின்பால் உமக்குப் பற்று உண்டா? பக்கத்திலே ஐந்து கட்டங்கள். ஏதேனும் ஒன்றிலே குறியிட வேண்டும். "பெயர் எழுத வேண்டாம், அஞ்சாமல் விடையளியுங்கள்" என்று தாள் கூறுகிறது. எழுதுபவனின் முதுகுக்குப் பின்னாலே மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தால் அவன் எந்தக் கட்டத்திலே குறியிடுவான்? "நிறைவு" என்றுதான் இடுவான். குறிகளைக் கூட்டி, வகுத்து, இத்தனை விழுக்காட்டினர் நிறைவோடு உள்ளனர் என்று அறிக்கை எழுதப்படும். வேடிக்கை என்னவென்றால், நம் மொழியிலே "பணி நிறைவு" என்று சொன்னால் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளைத்தான் குறிக்கும். வேலை முடிந்த அன்றுதான் நிறைவு என்று தமிழன் கண்டுகொண்டான் போலும்!

வேடிக்கை இருக்கட்டும். நாம் கேட்க விரும்பும் கேள்வி அந்தத் தாளிலே இல்லை. பணியாற்றுபவன் தன்னைப் பணியிலே வைத்த நிறுவனத்துக்குப் பற்றுக் கடன்பட்டவனா? ஆம் என்றால், எந்தக் கணக்கின்படி? இது ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ஆசிரியர், செவிலியர், கணிப்பொறிப் பொறியாளர், தெரு கூட்டும் தோழர் யாவர்க்கும் உரியது. பகுத்தறிவாளர் என்று நம்மைக் கூறிக்கொள்ளும் நாம், கோயில் வாயிலிலே கேட்ட கேள்விகளை ஆலை வாயிலிலே கேட்கத் தயங்கலாமா?

இந்தக் கேள்வியை எழுப்பியவுடனே, "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று ஒரு முதுமொழியை எடுத்து நம் முன் வைப்பர். செஞ்சோற்றுக் கடன் என்பர். கன்னனைக் காட்டுவர், கும்பகருணனைக் காட்டுவர். அண்ணன் செய்தது தவறு என்பதைக் கும்பகருணன் அறிந்திருந்தான். தவறு என்று எடுத்தும் சொன்னான். சொல்லிவிட்டு, அந்தத் தவற்றுக்காகவே போர்க்களம் சென்று மாண்டான். ஆகவே அவன் உத்தமன் என்று கதை சொல்வோர் உருகுகின்றனர். நாமோ கேட்கிறோம்: சோறு போட்ட கை நீட்டும் திசையெல்லாம் தன் மனச்சான்று திரும்ப வேண்டும் என்பதுதானே இக்கதை புகட்டும் பாடம்? இதைப் பாடமாகப் படித்த நாட்டிலே, பண்ணையார் முன் நிமிர்ந்து நின்றவனை நன்றி கெட்டவன் என்று ஊரே ஏசியதிலே வியப்பென்ன? பண்ணையார் போனார், அந்த ஏச்சுமட்டும் போகவில்லை. வேலைநிறுத்தம் என்றதும், "சோறு போட்ட இடத்துக்கு இரண்டகமா?" என்ற குரல் இன்றும் கேட்கிறது.

சரி, உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். மாதச் சம்பளக்காரன் என்றைக்குச் சம்பளம் வாங்குகிறான்? மாதம் முழுவதும் உழைத்துக் கொடுத்த பிறகு. முதல் நாள் உழைப்புக்கு முப்பதாம் நாள் கழிந்தே பணம். அப்படியானால் அந்த முப்பது நாளும் யார் யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள்? தன் உழைப்பை முன்னதாகக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவன் தொழிலாளி. வட்டியின்றிக் கடன் கொடுத்தவன் அவன், வாங்கியது நிறுவனம். கடன் கொடுத்தவன் கைகட்டி நிற்பதும், கடன் வாங்கியவர் "நான்தான் உனக்குச் சோறு போடுகிறேன்" என்று கூறுவதும் எந்த ஊர் நீதி?

சொற்களிலேகூட இந்தத் தலைகீழ் மாற்றம் நடந்திருக்கிறது. ஊதியம் என்ற சொல்லுக்குப் பழந்தமிழிலே ஆதாயம், இலாபம் என்பதே பொருள். இன்று உழைப்பவனுக்குக் கூலி ஊதியம். இலாபம் வேறொருவர் வீட்டுக்குப் போய்விட்டது. ஆண்டுக்கணக்கிலே உழைத்தவன் வெளியேறும்போது பெறும் தொகையை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கிற்று. ஓர் ஆண்டுப் பணிக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்கும் வகுத்தது. ஆயினும் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? பணிக்கொடை! சட்டம் கொடுத்த உரிமைக்குக் கொடை என்று பெயர். வாங்குபவன் வள்ளலை வாழ்த்த வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது.

பற்றுக்குப் பதில் பற்று உண்டா என்பதையும் பார்ப்போம். 2024 அக்டோபரிலே ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனத்தின் பங்குகள் 27,870 கோடி ரூபாய்க்குப் பொதுமக்களிடம் விற்கப்பட்டன. விற்றது கொரியாவிலுள்ள தாய் நிறுவனம், தன் கையிருப்பிலே ஒரு பகுதியை. அது குற்றமன்று, வாணிகம். அன்று பங்கு வாங்கியவர் மறுநாளே விற்றிருந்தாலும் அவரை எவரும் நன்றி கெட்டவர் என்று ஏசியிருக்க மாட்டார். முதல் போட்டவர் எந்த நேரமும் விலகலாம், உழைப்பைப் போட்டவன் மட்டும் உள்ளளவும் நினைக்க வேண்டும் என்றால், அது அறமல்ல, ஓரவஞ்சனை.

இனி, மனநிறைவு என்ற மற்றொரு சொல்லுக்கு வருவோம். "போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று நமக்குக் கற்பித்திருக்கின்றனர். மருந்தைக் கொடுத்தவர் யாருக்குக் கொடுத்தார் என்று பாருங்கள். நெல் குவித்தவனுக்கு அந்த மருந்து கொடுக்கப்படவில்லை. நெல் அறுத்தவனுக்கே கொடுக்கப்பட்டது. வண்ணான் மகன் வண்ணான், தோட்டி மகன் தோட்டி என்று பிறப்பே தொழிலை முடிவுகட்டிய நாட்டிலே, "இந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டவர் யார்? கேட்பதே பாவம் என்றனர். சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினையன்று, வேலை செய்வோரையே பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இலே எடுத்துக்காட்டினார். தன் விருப்பமும் திறமையும் நுழைய இடமில்லாத தொழிலிலே ஒருவனுக்கு உள்ளம் எப்படி ஒன்றும் என்று அவர் கேட்டார். 1953-இலே பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்திலே பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்ற திட்டம் வந்தபோது தமிழகம் கொதித்தெழுந்ததும், மறு ஆண்டே காமராசர் ஆட்சியிலே அது கைவிடப்பட்டதும் இதனால்தான். தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத இடத்திலே நிறைவு என்ற பேச்சே பொய்.

ஆகவே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த மாறுதலை நாம் குறைத்து மதிப்பிடமாட்டோம். உழவுக்கூலியின் மகள் மின்கருவி பொருத்துகிறாள். தன் பெயரிலே வங்கிக் கணக்கு வைத்திருக்கிறாள். தம்பியின் படிப்புக்குப் பணம் அனுப்புகிறாள். கையிலே ஊதியம் வந்ததும் வாயிலே சொல் வருகிறது. ஆலைப் பட்டை ஓடும்போது பக்கத்திலே நிற்பவனின் குலம் யாது என்று கேட்க நேரமில்லை. பிறப்பு விதித்த தொழிலைவிடச் சட்டம் வகுத்த ஒப்பந்தம் மேல், ஐயமில்லை. ஆனால் ஒப்பந்தம் என்றால் இரு புறமும் கட்ட வேண்டும். அங்கேதான் வழக்கு.

1991-இலே மேயர், ஆலன் என்ற இரு உளவியலறிஞர் நிறுவனப் பற்றை மூன்று கூறாகப் பகுத்துக் காட்டினர். விரும்பி ஒட்டியிருப்பது ஒன்று. விட்டுப் போனால் பிழைக்க வழியில்லை என்று ஒட்டியிருப்பது மற்றொன்று. விட்டுப் போவது முறையன்று என்ற கடமையுணர்ச்சியால் ஒட்டியிருப்பது மூன்றாவது. விருப்பம், வேறு வழியின்மை, கடப்பாடு என்று நாம் இவற்றை அழைக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். மூவரும் குறித்த நேரத்துக்கு வருவர்; மூவரும் வணக்கம் சொல்வர். உள்ளே வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. வினாத்தாளிலே "பற்று உண்டு" என்று குறியிட்டவரிலே எத்தனை பேர் விருப்பத்தால் இட்டனர், எத்தனை பேர் வீட்டுக் கடன் தவணையை நினைத்து இட்டனர்? நெருக்கடியால் நிற்பவனை அன்பால் நிற்பவன் என்று கணக்கெழுதுவது, கூண்டுக் கிளியைக் காட்டி அது வீட்டை விட்டு அகலாத கிளி என்று பெருமை பேசுவதை ஒக்கும்.

பல தொழில்களைப் பார்ப்போம். செவிலியரின் பற்று நோயாளியிடம். கொரோனாக் காலத்திலே உற்றாரும் தொடத் தயங்கிய உடலை அவர்கள் தொட்டனர். அதே தமிழகத்திலே, 2017 நவம்பரில், ஒப்பந்தமுறைச் செவிலியர் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையிலே டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்தனர். தொழிலிலே பற்றில்லாதவரா அவர்கள்? பகுதி நேர ஆசிரியர்கள் 2012-இல் அமர்த்தப்பட்டபோது மாதம் 5,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. ஓவியமும் உடற்பயிற்சியும் தையலும் கற்பித்த அவர்களிடம் பிள்ளைகள் முழு நேர அன்பு காட்டினர். சம்பளம்தான் பகுதி நேரமாக இருந்தது. 2025 ஆகஸ்டிலே சென்னை மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் அமர்ந்திருந்தனர். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்தனர். எங்களை மாநகராட்சியின் பணியாளராகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றனர். கூர்ந்து நோக்குங்கள்: நிறுவனத்தோடு பிணைப்பு வேண்டும் என்று கேட்டவர்கள் தொழிலாளர்கள், பிணைப்பு வேண்டாம் என்று விலகியது நிறுவனம். பற்றின்மை எந்தப் பக்கம்? தொழிற்சங்கத் தந்தையருள் ஒருவரான திரு.வி.க.வின் பெயர் தாங்கிய மண்டலத்திலேயே இது நிகழ்ந்தது என்பதை என்னென்பது!

கணிப்பொறித் துறையினர் நிலை வேறு. சம்பளம் உயர்ந்தது, நாற்காலி மெத்தென்றது. அங்கே கேட்கப்படுவது நேரம். 2023 அக்டோபரிலே இன்போசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். நிறுவனத்தைத் தோற்றுவித்தவருக்கு அது தன் வயலிலே தான் உழும் உழைப்பு. சம்பளத்துக்கு வந்தவனுக்கு அது அயல் வயல். இரண்டையும் ஒரே படியால் அளக்கலாமா? பற்றைப் போற்றிப் போற்றி வளர்த்த ஜப்பான் நாட்டிலே, மிகை உழைப்பால் வரும் சாவுக்கென்றே "கரோஷி" என்று ஒரு சொல் பிறந்தது. அதைத் தடுக்க 2014-இலே அங்கே தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. பற்று எல்லை கடந்தால் பாடைவரை கொண்டு செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நிறைவு எதிலிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்க உளவியலறிஞர் ஹெர்ஸ்பெர்க் 1959-இலே ஓர் உண்மையை வெளியிட்டார். மனக்குறையை உண்டாக்குபவை வேறு. மனநிறைவை உண்டாக்குபவை வேறு. சம்பளம், உணவு, மேற்பார்வையாளரின் நடத்தை, வேலைப் பாதுகாப்பு இவை கெட்டால் குறை பிறக்கும். சீர்பட்டால் குறை நீங்கும், அவ்வளவே. நிறைவு பிறப்பதோ செய்த வேலையின் பயனைக் கண்ணால் காண்பதிலே, அதைப் பிறர் மதிப்பதிலே, பொறுப்பு கொடுக்கப்படுவதிலே, மேன்மேலும் வளர்வதிலே. அவர் ஆராய்ந்தது பொறியாளரையும் கணக்காளரையும். ஆயினும் உண்மை பரந்தது. இதிலே மேலாளர்கள் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிடுவதுண்டு. கழிப்பறைக்குச் செல்ல நேரம் கொடுக்காமல், "மாதத்தின் சிறந்த தொழிலாளி" என்று படம் எடுத்து மாட்டுகின்றனர். குறையை நீக்காமல் நிறைவை ஊட்டுவது, பசித்தவனுக்குப் பன்னீர் தெளிப்பதாகும்.

கார்த் தொழிலின் வரலாறே இதற்கு நல்ல பாடம். 1913-இலே அமெரிக்காவிலே ஹென்றி ஃபோர்டு ஓடும் பட்டையை அமைத்தார். அடிச்சட்டம் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது, ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. நேரம் குறைந்தது, ஆட்கள் ஓடினர். சுமார் 14,000 பேர் வேலை செய்யும் ஆலைக்கு, அந்த ஓராண்டிலே 50,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரே திருகை ஒரே விதமாக நாள் முழுதும் திருகிக்கொண்டிருக்க மனிதன் மறுத்தான். 1914 ஜனவரியிலே ஃபோர்டு நாளொன்றுக்கு ஐந்து டாலர், எட்டு மணி நேர வேலை என்று அறிவித்தார். கூலி ஏறத்தாழ இரட்டித்தது. ஆட்கள் நின்றனர். ஆனால் அந்தப் பணம் முழுதும் பெற, தொழிலாளி வீட்டை எப்படி வைத்திருக்கிறான், குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று வீடு தேடிச் சென்று பார்க்க ஆட்களும் வந்தனர்! கூலியோடு மனிதனின் வீட்டையும் வாங்கிவிட்டதாக நினைத்தது நிறுவனம். அதே ஃபோர்டு நிறுவனம் நம் மறைமலைநகரிலே ஆலை நடத்தியது. 2021 செப்டம்பரிலே, இந்தியாவிலே கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-இலே அங்கே உற்பத்தி நின்றது. இருபத்தைந்து ஆண்டுப் பற்றை எந்தக் கட்டத்திலே குறியிடுவது?

இருங்காட்டுக்கோட்டைக்கு அடுத்த திருப்பெரும்புதூரிலே 2006-இலே நோக்கியா கைபேசி ஆலை தொடங்கிற்று. பள்ளிப் படிப்பு முடித்த ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் அங்கே சேர்ந்தனர். தன் கையால் செய்த கருவி உலகின் பல நாடுகளுக்குப் போகிறது என்ற பெருமிதம் அவர்களுக்கு இருந்தது. ஹெர்ஸ்பெர்க் கூறிய நிறைவு அதுவே. பிறகு நிறுவனத்தின் கைபேசிப் பிரிவு மைக்ரோசாப்டுக்கு விற்கப்பட்டது. வரி வழக்கிலே சிக்கிய இந்த ஆலை மட்டும் விற்பனையிலே சேராமல் நின்றது. 2014-இலே விருப்ப ஓய்வு என்ற பெயரிலே பல்லாயிரவர் வெளியேறினர். விருப்பம் யாருடையது என்று கேட்க எவருமில்லை. அந்த ஆண்டு நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. முப்பது வயதுகூட நிரம்பாதவர்களுக்கு "ஓய்வு"! அவர்கள் வேலையிலே குறை வைத்ததால் ஆலை மூடப்படவில்லை. எங்கோ நடந்த சந்தைப் போட்டியும், இங்கே நடந்த வரி வழக்கும் அவர்கள் வாழ்வை முடிவுகட்டின. பற்று உழைப்பவன் கையிலே இருந்தது. சாவி அவன் கையிலே இல்லை.

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை. ஊரெங்கும் சாவு ஓலம். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலே தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தனர். பாதுகாப்பு கேட்டனர். நிறுவனம் ஆலையை ஐந்து நாள் மூடிற்று. ஒரகடம் ரெனால்ட்–நிசான் தொழிலாளர் சங்கம் உயர்நீதிமன்றத்தை அணுகிற்று. அதே ஆண்டு டிசம்பரிலே, பாக்ஸ்கான் ஆலையிலே வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியிலே உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டனர். தோழியர் என்ன ஆயினர் என்று அறியாத ஏக்கத்திலே, அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலே இரவு முழுதும் அமர்ந்தனர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆலை மூடி, சனவரியிலேதான் மீண்டும் திறந்தது. விடுதிகளைச் சீர்படுத்துவதாக உறுதி கூறப்பட்டது. 2024 ஆகஸ்டிலே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வளாகம் 706.50 கோடி ரூபாய்ச் செலவிலே திறக்கப்பட்டது. உப்பிட்டவர் கை உணவே நஞ்சானபோது, "உள்ளளவும் நினை" என்று அவர்கள் வாய்மூடிக் கிடந்திருந்தால், இது இவ்வளவு விரைவிலே வந்திருக்குமா?

பெண்ணின் பற்றுக்கு வேறொரு சோதனையும் உண்டு. அதே ஆலையிலே மணமான பெண்களை வேலைக்குச் சேர்ப்பதில்லை என்று 2024 ஜூனிலே ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதிற்று. நிறுவனம் அதனை மறுத்தது. அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்கப்போவதில்லை. ஆனால் அந்த எண்ணம் நாடெங்கும் உலவுவதை யார் மறுப்பர்? மூன்று முடிச்சு விழுந்த கழுத்திலே நிறுவனப் பற்று தங்காதாம்! மணமான ஆணைப் பொறுப்பு வந்துவிட்டது என்று சேர்க்கின்றனர். மணமான பெண்ணைப் பொறுப்பு வந்துவிட்டது என்று தள்ளுகின்றனர். ஒரே பொறுப்பு, இரு நீதி.

பிறகு 2024 செப்டம்பர் 9. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையிலே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி உயர்வும் கேட்டனர். அதைவிட அழுத்தமாக, தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்று கேட்டனர். 37 நாள். கூலியின்றி 37 நாள்! அந்த நிறுவனத்தின் தாய்நாட்டிலேயே, சங்கமே வேண்டாம் என்ற பழைய கொள்கையைக் கைவிடுவதாக 2020-இலே அதன் தலைவர் அறிவித்திருந்தார். 2024 ஜூலையிலே கொரியத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். சியோலிலே நியாயமானது சுங்குவார்சத்திரத்திலே நியாயமாகாதா? அக்டோபர் 15-இலே நிறுத்தம் முடிந்தது. 2025 சனவரியிலே சங்கம் பதிவு பெற்றது.

இவர்களைப் பார்த்துத்தான் நிறுவனப் பற்றில்லாதவர் என்கின்றனர். பொருளியலறிஞர் ஹிர்ஷ்மன் 1970-இலே தெளிவாகச் சொன்னார். ஓர் அமைப்பு கெடும்போது, அதிலே இருப்பவனுக்கு இரு வழிகள். விலகிப் போகலாம், குரல் எழுப்பலாம். பற்று இருப்பவனே விலகுவதைத் தள்ளிப்போட்டுக் குரல் எழுப்புகிறான். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பற்றற்றவன் என்ன செய்வான்? வேறிடத்திலே நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் சத்தமின்றிப் போய்விடுவான். வெயிலிலே கொட்டகை போட்டு, பசியோடு 37 நாள் உட்கார்ந்திருப்பவன், இந்த ஆலை என்னுடையதும்கூட என்று கருதுபவன். வேலைநிறுத்தம் பற்றின் முறிவன்று, பற்றின் குரல்.

"இப்படியெல்லாம் பேசினால் நிறுவனங்கள் வேறு மாநிலம் போய்விடுமே, பிள்ளைகள் பிழைப்பு என்னாவது?" என்று கேட்போர் உளர். அவர்கள் அச்சம் பொய்யன்று. ஆலை போனால் அழுவது அயல்நாட்டான் அல்லன், நம் பிள்ளைதான். ஆனால் அடங்கிக் கிடந்தால் ஆலை நிலைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. நோக்கியா கற்பித்தது அதுவே. வேலை வேண்டும் என்பதற்காக வேலை நேரத்தை விற்கவும் 2023-இலே ஒரு முயற்சி நடந்தது. ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தம் நம் சட்டமன்றத்திலே நிறைவேறிற்று. எதிர்ப்பு எழுந்தது, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த மே நாளை இந்த நாட்டிலே முதன்முதலாக, 1923-இலே, சென்னையிலே கொண்டாடியவர் சிங்காரவேலர். சரியாக நூறாண்டு கழித்து, அவர் கொடி ஏற்றிய நகரிலேயே எட்டு மணி நேரத்தை மீண்டும் காக்க வேண்டியிருந்தது!

தொழிலாளித் தோழர்களுக்கும் நாம் ஒன்று கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். நிறுவனத்துக்குக் கடனில்லை என்பதால் தொழிலுக்கும் கடனில்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நிறுத்துகருவியின் திருகை அரைகுறையாக முடுக்கினால் சாவது முதலாளியல்லர். எங்கோ ஒரு சாலையிலே, பிள்ளையை மடியிலே வைத்துச் செல்லும் முகம் தெரியாத ஒரு தாய். ஆசிரியர் பாடத்தைப் புறக்கணித்தால் இழப்பவர் கல்வி அமைச்சரல்லர். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை. செவிலியர் கண்ணயர்ந்தால் துடிப்பவர் மருத்துவமனை உரிமையாளரல்லர். தொழிற்பற்று நிறுவனத்துக்குச் செலுத்தும் கப்பமன்று; அந்தத் தொழிலின் பயனைப் பெறும் சக மனிதனுக்குச் செலுத்தும் கடன். அதிலே நாம் சிறிதும் குறை வைக்கலாகாது. அந்தக் கடனைத் தீர்ப்பதிலே பிறக்கும் நிறைவை எந்த முதலாளியும் கொடுக்க முடியாது. எந்த முதலாளியும் பறிக்கவும் முடியாது.

நிறுவனப் பற்று அப்படிப்பட்டதன்று. அது உடன்படிக்கை. நிரந்தரப் பணி, நேர்மையான கூலி, நஞ்சில்லாத சோறு, சங்கம் அமைக்கும் உரிமை, நிறுவனம் எடுக்கும் முடிவிலே ஒரு குரல் ஆகியவற்றைக் கொடுத்தால் பற்று தானே வளரும். கொடுக்காவிட்டால் கேட்டுப் பெற முடியாது. ஒரே பட்டையிலே, ஒரே வேலையை, ஒருவன் நிரந்தரமாகவும் மற்றொருவன் ஒப்பந்தக்காரன் மூலமும், வேறு வேறு கூலிக்குச் செய்யும் இடத்திலே, இருவரிடமும் ஒரே அளவு பற்றை எதிர்பார்ப்பது பேராசை.

1918 ஏப்ரல் 27 அன்று, சென்னை பெரம்பூரிலே, பின்னி ஆலைத் தொழிலாளர்கள் கூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தனர். முறையாக அமைந்த சங்கங்களிலே இந்தியாவின் முதற்சங்கம் அது. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதியாரும் இராமானுசலுவும் முன்னின்றனர். உணவு இடைவேளை போதவில்லை என்பது அன்றைய குறைகளுள் ஒன்று. உண்ண நேரம் கேட்டவர்களை நன்றி கெட்டவர் என்றுதான் அன்றும் ஏசினர். 1996-இலே அந்த ஆலை மூடப்பட்டது. அதே ஆண்டிலேதான் இருங்காட்டுக்கோட்டையிலே புதிய நிறுவனம் கால் ஊன்றிற்று. ஓர் ஆலை போயிற்று; ஓர் ஆலை வந்தது. ஆலைகள் வரும், போகும். பெரம்பூரிலே கேட்ட குரல்தான் சுங்குவார்சத்திரத்திலே மீண்டும் கேட்டது.

ஆகவே இளைஞர்களே, அந்த வினாத்தாள் உங்கள் கைக்கு வந்தால், குறியிடுமுன் அதைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலே நீங்கள் சில கேள்விகள் எழுதுங்கள். "எங்கள் உழைப்பிலே நிறுவனத்துக்கு நிறைவு உண்டா? எங்கள்பால் நிறுவனத்துக்குப் பற்று உண்டா? உண்டெனில் எத்தனை ஆண்டுக்கு? ஒப்பந்தத்திலே எழுதித் தரமுடியுமா?" அந்தப் பக்கத்துக்கும் ஐந்து கட்டங்கள் போடுங்கள். விடை வரட்டும், பிறகு நம் பக்கத்தை நிரப்புவோம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கத்தான் வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் உப்பிட்டவர் யார்? இரவு முறை முடிந்து திரும்பும் பேருந்திலே, சன்னல் கம்பியிலே தலை சாய்த்து உறங்குகிறானே, அவன் நெற்றியிலே காய்ந்து வெண்மையாகப் படிந்திருக்கிறது பாருங்கள்: அதுதான் அந்த உப்பு. நினைக்க வேண்டியவர்கள் நினைக்கட்டும்!